மான்தலை வீட்டின் ஆறாம் இலக்க அறை

வீரசிங்கம் கட்டிய விடுதிக்கு ஆங்கிலத்தில் நீளமான ஒரு பெயர் இருந்தது. வாசலில் ஒரு மரப்பலகையில் அதைச் செதுக்கியும் வைத்திருந்தார். ஆனால் திருகோணமலையில் நிலாவெளி பஸ் ஏறி அந்தப் பெயரைச் சொன்னால் கொண்டக்டர் விழிப்பான். மான்தலை வீடு என்றால் சரியாக வாசலிலேயே இறக்கிவிடுவான்.

வீரசிங்கம் மரக் கொந்தராத்துச் செய்து முன்னுக்கு வந்தவர். முப்பது வருடம் காட்டிலேயே கிடந்தவர். வயது போய்த் தொழிலை விட்டபோது காட்டைப் பிரிய அவருக்கு மனம் வரவில்லை. சல்லிக்கும் நிலாவெளிக்கும் இடையில் கடற்கரையோடு ஒரு காணி வாங்கி அதில் காட்டு வீடு ஒன்றைக் கட்டினார். பட்டை உரிக்காத பாலைமரத் தூண்கள், முதிரை உத்தரங்கள், வேட்டைக்காரர் தங்குகிற கொட்டில் போலத் தாழ்ந்த கூரை. ஒன்பது அறைகள். ஒவ்வொரு அறையிலும் கட்டிலுக்கு நேர்மேலே ஒரு மான்தலையோ மரைத்தலையோ கண்ணாடிக் கண்ணோடு கீழே பார்த்துக்கொண்டிருக்கும். கடல் பார்க்க வந்தவர்கள் அங்கே காட்டுக்குள் படுத்து எழும்பினார்கள்.

அந்த ஒன்பது அறைகளையும் பன்னிரண்டு வருடம் பார்த்துக்கொண்டவள் வள்ளிநாயகி.

அவள் சல்லியில் பிறந்தவள். தகப்பன் கரைவலைக்காரர். பத்தொன்பது வயதில் சீனித்தம்பிக்கு வாழ்க்கைப்பட்டாள். அவனுக்கு டொக்யாட்டில் கப்பல்களுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை. ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனபோது அந்த வேலையும் போய்விட்டது. மாலைதீவின் தெற்குக் கோடியில் அவர்கள் விமானத்தளம் கட்டுகிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவனும் பெயர் கொடுத்தான். "ரெண்டு வருசத்திலை வந்திடுவன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். மூன்று வருடம் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. அங்கே அவனோடு வேலை செய்த ஒருவர் ஊர் திரும்பியபோது, சீனித்தம்பி ஏதோ ஒரு கப்பலில் வேலை கிடைத்து ஏறிப் போய்விட்டான் என்றார். எந்தக் கப்பல், எந்தத் தேசத்துக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. அதோடு சரி.

செத்துப்போனான் என்று சொல்ல ஆளில்லை. ஆகவே அவள் பொட்டை அழிக்கவில்லை. உயிரோடு இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. ஆகவே கலியாண வீடுகளில் யாரும் அவளை முன்னுக்குக் கூப்பிடவில்லை. அண்ணன் முருகேசுவின் வீட்டில், வலையும் துடுப்பும் வைக்கிற அறையில் ஒரு பக்கமாகப் பாய் போட்டுப் படுத்தாள். அண்ணன் நல்லவர். மச்சாளும் பொல்லாதவள் இல்லை. ஆனால் பிள்ளைகள் ஐந்தும் வளர வளர, வலைகளும் கூடக் கூட, அவள் பாய் போடுகிற இடம் மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் அது குசினி வாசலுக்கு வந்து சேர்ந்தது.

அறுபத்தொன்பதில் மான்தலை வீடு திறந்து, துணி தோய்க்க ஆள் தேடியபோது அவள் போய் நின்றாள். பெண்பிள்ளை விடுதி வேலைக்குப் போவதா என்று ஊர் இரண்டு நாள் கதைத்தது. மூன்றாம் நாள் ஊருக்கு வேறு கதை கிடைத்தது. ஒரு வருடத்தில் அறைகளின் பொறுப்பு முழுவதும் அவள் கைக்கு வந்தது. பெட்சீட்டும் துவாயும் நுளம்பு வலையும் அடுக்குகிற அறையின் பின்பாதியைப் பலகையால் மறித்து அவளுக்குக் கொடுத்தார்கள். ஒரு கட்டில் போடலாம். அதுபோக ஒரு பெட்டி வைக்கலாம்.

விருந்தினர்களோடு அவள் அதிகம் கதைத்ததில்லை. அவர்கள் கடலுக்குப் போன பிறகுதான் அவள் அறைக்குள் போவாள். ஆனால் ஒரு அறையில் தங்கியவர் என்ன பாடு பட்டார் என்பது அவளுக்கு உள்ளே போனதும் தெரிந்துவிடும். மான்தலையின் முகத்தில் துவாய் தொங்கும். குழந்தையோடு வந்தவர்கள் போட்டிருப்பார்கள். கதிரை ஒன்று கட்டிலோடு ஒட்டிக் கிடக்கும். மூக்குக்கண்ணாடியும் தண்ணீர்க் கோப்பையும் வைக்கக் கட்டிலருகே இடமில்லாமல் யாரோ இழுத்திருப்பார்கள். திரைச்சீலையைச் சுருட்டி யன்னல் கம்பியில் முடிந்திருப்பார்கள். கட்டிலையே ஒரு முழம் தள்ளிப் போட்டவர்களும் உண்டு. அந்தந்தச் சாமான் இருந்த இடத்திலேயே திரும்ப இருக்க வேண்டும் என்பது வீரசிங்கத்தின் கட்டளை. ஆகவே துவாயை எடுப்பாள். கதிரையைத் திரும்ப மூலைக்குக் கொண்டுபோவாள். கட்டிலை மான்தலைக்குக் கீழே தள்ளுவாள். மறுநாள் வேறு ஆட்கள் வந்து அதே கதிரையை அதே இடத்துக்கு இழுப்பார்கள். ஆறு வருடம் இப்படிப் போயிற்று.

குசினியில் சமையல்காரர் சரீப் இருந்தார். கிண்ணியாக்காரர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர். வியாழன் பின்னேரம் புறப்பட்டு, கிண்ணியாத் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி மறுகரைக்குப் போய், வெள்ளி தொழுதுவிட்டுச் சனி காலை திரும்புவார். அவருக்குப் போக ஒரு வீடு இருந்தது. சனிக்கிழமைகளில் வீட்டிலிருந்து ஏதாவது பலகாரம் கொண்டுவந்து, "தங்கச்சி, இது ஒனக்கெண்டு பல்கீஸ் தந்த" என்று கொடுப்பார். பல்கீஸ் அவருடைய மனைவி. அவளை வள்ளிநாயகி ஒரு நாளும் கண்டதில்லை. ஆனாலும் அவளுக்கென்று நினைத்துப் பலகாரம் கட்டித் தருகிற ஒரு ஆள் மறுகரையில் இருந்தது.

எழுபத்தைந்தாம் ஆண்டு, வீரசிங்கத்தின் மருமகள் தேவரஞ்சினி கொழும்பிலிருந்து வந்து விடுதிப் பொறுப்பை எடுத்தாள். கெட்டிக்காரி, நடையிலும் கதையிலும் வேகம். வந்த முதல் மாதமே அவள் கண்டது, அறைகள் இரண்டும்கெட்டான் நிலையில் இருக்கின்றன என்று. ஒவ்வொரு அறையிலும் ஒரு கடுதாசியும் பென்சிலும் வைத்தாள். 'இந்த அறையில் எதை மாற்றலாம்?' என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருந்தது. சீசன் முடிகிற நேரத்தில் அந்தக் கடுதாசிகளை எல்லாம் சேர்த்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, மாமனாரை இருத்திவைத்து வாசித்தாள். சரீப் கோப்பை துடைத்தபடி நின்றார். வள்ளிநாயகி மேசை விரிப்புகளை மடித்துக்கொண்டு நின்றாள்.

"கொழும்பு ஆக்கள் எழுதினது. தலையளைக் கழட்டுங்கோ, எங்கட பிள்ளை மூண்டு நாளும் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தது எண்டு. இது ஒரு ஜேர்மன்காரர். மான்தலை காணாது, கரடித்தோலும் வேணுமாம். கண்டியிலையிருந்து வந்தவை, திரைச்சீலை தடிப்பு, மூச்சு முட்டுது எண்டினம். இவர் சொல்லுறார், கட்டில் காலெல்லாம் மரக்குத்தி, தன்ரை பெருவிரல் நகம் பேந்துபோச்சாம்."

"கட்டிலைப் பாத்து நடக்கச் சொல்லு" என்றார் வீரசிங்கம்.

"இது அறையைப் பற்றியே இல்லை. சுறாப் புட்டு அருமையாம்."

"அத இன்னொருக்கா வாசிங்கம்மா" என்றார் சரீப்.

தேவரஞ்சினி சிரித்துக்கொண்டே திரும்ப வாசித்தாள். பிறகு கடுதாசிகளை ஒதுக்கிவிட்டுத் தன் எண்ணத்தைச் சொன்னாள். காடு என்றால் முழுக்கக் காடாக இருக்க வேண்டும். சுவர்களுக்குக் கடும் மண்ணிறம் பூச வேண்டும். வண்டிச் சில்லுகளை உத்தரத்தில் தொங்கவிட்டு அதில் லாம்பு கட்ட வேண்டும். கதிரைக்குப் பதிலாக மரக்குற்றிகள். மூலையில் கயிறும் பழைய விலங்குக்கூடும். வெளிநாட்டுக்காரர் இதைத்தான் விரும்புகிறார்கள்.

"என்ரை தூணிலை ஒரு ஆணி இறங்கக்கூடாது" என்றார் வீரசிங்கம்.

"தூணைத் தொடமாட்டன் மாமா. ஆனா இப்ப இது காடும் இல்லை, வீடும் இல்லை."

அப்போதுதான் சரீப் சொன்னார். "அம்மா, அறையப் பத்தி நாயகித் தங்கச்சிட்டக் கேளுங்க. ஒம்பது அறையும் அவக்குத்தான் மனப்பாடம்."

மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஓம், சொல்லுங்கோ நாயகியக்கா. நீங்கள் என்ன மாத்துவீங்கள்?" என்று தேவரஞ்சினி கேட்டாள். மரியாதைக்குக் கேட்ட கேள்வி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

வள்ளிநாயகியின் கையில் மேசை விரிப்பின் நான்கு மூலையும் சேர்ந்திருந்தன. "எல்லாம் நல்லந்தான் அம்மா. உங்கட விருப்பம்" என்றாள்.

விரிப்புகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்த பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. பொருள் வைக்க இடம் வேணும். நனைந்த துவாய் போட ஒரு கொடி வேணும். கண்ணுக்கு எதிரே ஒரு தலை இருக்கக் கூடாது. சுவர் வெள்ளையாக இருந்தால் விடியிற வெளிச்சம் உள்ளே வரும். தோய்கல்லில் கிடந்த பெட்சீட்டுக்கு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். சரீப் குசினி யன்னலால் எட்டிப் பார்த்து, "இப்ப ஆரோட கதைக்கிறா? அங்க கேக்கக்குள்ள வாய்க்குள்ள கொழுக்கட்டயா?" என்று கேட்டார். அவள் பெட்சீட்டைக் கல்லில் ஓங்கி அடித்தாள். கேட்கிற ஆள் இல்லாமலே பதினெட்டு வருடம் இருந்துவிட்டால், ஒருநாள் திடீரென்று ஒருவர் கேட்கும்போது எதைச் சொல்ல முடியும்?

வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளிக்கிற காலத்தில் விடுதியைப் பூட்டிவிடுவார்கள். ஐப்பசி கடைசியில் தேவரஞ்சினி கொழும்புக்குப் போனாள். தை பிறந்ததும் வேலையாட்களோடு வருவதாகச் சொன்னாள். ஒரு லொறியில் வண்டிச் சில்லுகள் மட்டும் முன்கூட்டியே வந்து மண்டபத்தில் அடுக்கிக் கிடந்தன. சரீப் கிண்ணியாவுக்குப் போனார். வழக்கம்போலக் காவலுக்கு வள்ளிநாயகி மட்டும் நின்றாள். அண்ணன் வீட்டுக்குப் போகலாம். நடந்து போகிற தூரம்தான். ஆனால் அங்கே பாய் போடுகிற இடத்தை மச்சாள் யோசிக்க வேண்டியிருக்கும்.

கார்த்திகை மூன்றாம் கிழமை மழை விடாமல் கொட்டியது. துணி அறைக்கு மேலே ஓடு விலகி, அவளுடைய கட்டிலுக்கு நேரே ஒழுகத் தொடங்கியது. பெட்சீட் எல்லாம் நனைந்துவிடும் என்று பயந்து, அவற்றைக் கிட்டவிருந்த ஆறாம் இலக்க அறைக்கு வாரிக்கொண்டு ஓடினாள். தன் பெட்டியையும் கொண்டுபோனாள். அன்றைக்கு அங்கேயே படுத்தாள். கட்டிலில் படுக்கத் துணிவு வராமல் முதலில் நிலத்தில்தான் பாய் போட்டாள். சீமெந்து குளிர்ந்தது. எழும்பிக் கட்டிலில் ஏறினாள்.

காலையில் கண் விழித்தபோது மேலே மரைத்தலை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆறு வருடமாக நின்றுகொண்டு பார்த்த அறையை அன்றைக்குத்தான் படுத்துக்கொண்டு பார்த்தாள். துவாய் போட்டவர்களில் பிழையே இல்லை. கையை நீட்டினால் ஒன்றும் எட்டவில்லை. கட்டிலிலிருந்து கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்டது. ஏன் தெரியவில்லை என்று எழும்பிப் பார்த்தாள். கடல் பக்கத்து யன்னலின் முக்கால்வாசியை மறித்துக்கொண்டு அலுமாரி நின்றது. எத்தனை தரம் அந்த அலுமாரியின் முதுகைத் தூசி தட்டியிருக்கிறாள்!

அதை நகர்த்த ஒரு முழுக் காலை எடுத்தது. கால்களுக்குக் கீழே நனைந்த சாக்கைக் கொடுத்து, முதுகைச் சுவரில் முட்டுக்கொடுத்து, ஒரு சாண் ஒரு சாணாகத் தள்ளினாள். அலுமாரி போனதும் அறைக்குள் கடல் வந்தது. சாம்பல் நிறத்தில், நுரையோடு, அறையின் அகலத்துக்கு. அவள் கட்டிலில் இருந்துகொண்டு பார்த்தாள். பிறகு ஏணி கொண்டுவந்து மரைத்தலையைக் கழற்றி, பழைய பெட்சீட்டில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தாள். தேவரஞ்சினி எப்படியும் மாற்றத்தான் போகிறா, அதற்கிடையில் கொஞ்ச நாளைக்கு, என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். குசினிக்குப் பின்னால் கிணற்றுக்கட்டுக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பு இருந்தது. சுவருக்கு அடித்தாள். மழைக் குளிரில் அது காய நாலு நாள் எடுத்தது. தடித்த திரைச்சீலையைக் கழற்றிவிட்டு, பழைய வெள்ளைப் பெட்சீட் ஒன்றைக் கிழித்துத் தைத்துப் போட்டாள். குளியலறை வாசலில் கொடி கட்டினாள். கட்டிலை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டு, அருகே ஒரு முக்காலி வைத்தாள். மண்டபத்தில் கால் ஆடிக் கிடந்த சிறு மேசையைச் சீராக்கி யன்னலடியில் போட்டாள். மேசைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதிரை.

பின்னேரம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து ஒரு கதிரையில் இருந்தாள். மற்றதை ஏன் போட்டாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. மேசை என்றால் இரண்டு பக்கமும் கதிரை இருக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தாள். யன்னலுக்கு வெளியே மழை இறங்கிக்கொண்டிருந்தது.

"விடுற மாதிரித் தெரியேல்லை" என்றாள்.

தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். கடைசியாக வாய் திறந்து கதைத்து ஐந்து நாளாயிற்று. யாருக்குச் சொன்னாள் என்று யோசித்தாள். எதிர்க் கதிரையில் சீனித்தம்பியை இருத்திப் பார்த்தாள். அவன் நகக்கண்ணில் ஒட்டியிருக்கிற சாம்பல் பெயின்ற் வந்தது. உடுப்பில் அடிக்கிற தேர்ப்பந்தைன் எண்ணெய் மணம் வந்தது. முகம் வரவில்லை. வந்தாலும் அது இருபத்தெட்டு வயது முகமாகத்தான் இருக்கும். இப்போது அவன் ஐம்பதை நெருங்கியிருப்பான். எங்கேயாவது ஒரு துறைமுகத்தில் முடி நரைத்து நடந்துபோகிற அந்த மனிதனை அவள் கண்டதே இல்லை. எதிரே வந்தால் வழிவிட்டு விலகிப் போய்விடுவாள்.

அழவேண்டும் போலிருந்தது, ஆனால் அழுகை வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து இருந்தாள். அதற்கடுத்த நாளும். கூரை திருத்திய பிறகும் தன் கட்டிலுக்குத் திரும்பிப் போகவில்லை. மழையைப் பற்றியும் கிணற்றில் ஏறியிருக்கிற தண்ணீரைப் பற்றியும் சத்தமாகவே கதைத்தாள். பதில் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் பெண்கள் புருஷனிடம் அப்படித்தானே கதைக்கிறார்கள், அவன் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பான்.

மார்கழி நடுவில், முன்னறிவித்தல் ஒன்றும் இல்லாமல் வீரசிங்கம் வந்து இறங்கினார். குடையை மடித்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தவர், வண்டிச் சில்லுகளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு ஒவ்வொரு அறையாகத் திறந்துகொண்டு போனார். வள்ளிநாயகி சாவிக்கொத்தோடு பின்னால் போனாள். ஆறாம் அறைச் சாவியைக் கொத்தில் மெதுவாகத் தேடி எடுத்தாள்.

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஐயா, ஓடு ஒழுகினது... துணியெல்லாம் நனைஞ்சிடும் எண்டு... நான் எல்லாத்தையும் திருப்பி வைச்சிடுறன்."

அவர் உள்ளே போய் யன்னலடிக் கதிரையில் இருந்தார். வெகுநேரம் கடலைப் பார்த்தார். "அலுமாரி எங்க நிண்டது?" என்று கேட்டார்.

"இஞ்சதான் ஐயா. யன்னலுக்கு முன்னாலை."

"நான்தான் வைக்கச் சொன்னனான், என்ன?"

"ஓம் ஐயா."

"கட்டிலை ஏன் இந்தப் பக்கம் போட்டனீர்?"

அப்போது ஏதோ ஒன்று அவிழ்ந்துகொண்டது. காலை வெயில் எந்தச் சுவரில் படும், எந்த நேரம் முகத்தில் குத்தும் என்று சொன்னாள். காற்று எந்த யன்னலால் வந்து எதனால் போகும் என்று சொன்னாள். துவாய் போட்டு மூடியவர்களைப் பற்றி, கதிரையை இழுத்தவர்களைப் பற்றி, அவர்கள் போன பிறகு ஒவ்வொரு நாளும் தான் அதைத் திருப்பி வைத்ததைப் பற்றி, எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது.

"ஆறு வருசமா இதையெல்லாம் தெரிஞ்சுகொண்டே திருப்பி வைச்சனீரோ?"

"நீங்கள்தானே ஐயா வைக்கச் சொன்னீங்கள்."

அவர் சிரித்தார். அப்படிச் சிரித்து அவள் கண்டதில்லை. "இந்தத் தலையெல்லாம் நான் சுட்டதெண்டுதான் எல்லாரும் நினைக்கினம். ஒண்டும் நான் சுட்டதில்லைப் பிள்ளை. நுவரெலியாவிலை ஒரு துரை ஊருக்குப் போகேக்கை ஏலத்திலை வாங்கினனான். என்ரை மனுசி முப்பது வருசத்திலை ஒரு நாள்கூடக் காட்டுக்கு வரேல்லை. அங்க என்ன இருக்கு எண்டு கேப்பா. கட்டிக் காட்டுவம் எண்டு நினைச்சன். கட்டி முடியிறதுக்குள்ளை அவ கண்ணை மூடிப்போட்டா."

தேத்தண்ணி கேட்டார். கொண்டுவந்து வைத்தாள். "இரும் பிள்ளை" என்று எதிர்க் கதிரையைக் காட்டினார். அவள் இருக்கவில்லை. முதலாளிக்கு எதிரே எப்படி இருப்பது? வாசலடியில் நின்றாள். அவர் இரண்டாம் தரம் சொல்லவில்லை. மத்தியானம்வரை தனியே இருந்து கடலைப் பார்த்துவிட்டு எழும்பினார். "இந்த அறையிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாதெண்டு மருமகளிட்டைச் சொல்லுறன்" என்றார். கார் போன பிறகு அவள் வந்து கோப்பையை எடுத்தாள். இருந்திருக்கலாம் என்று பட்டது. எத்தனையோ நாள் அந்த எண்ணம் திரும்பத் திரும்ப வந்தது.

தையில் வேலையாட்கள் வந்து மற்ற எட்டு அறைகளையும் தேவரஞ்சினி சொன்னபடி காடாக்கினார்கள். மண்ணிறச் சுவர், சில்லு லாம்பு, மரக்குற்றி எல்லாம் ஆயிற்று. சீசன் தொடங்கியது. வந்தவர்கள் முதல் நாள் படம் எடுத்தார்கள். இரண்டாம் நாள் முதுகு நோகிறது என்றார்கள். மூன்றாம் நாள், அந்த ஒற்றை வெள்ளை அறை கிடைக்குமா என்று கேட்டார்கள். ஆவணி மாதம் தேவரஞ்சினி கடுதாசிகளோடு துணி அறைக்கே வந்தாள். அங்கே கிடந்த பலகை வாங்கில் இருந்தாள்.

"நாயகியக்கா, அண்டைக்கு நான் கேட்டனான். எல்லாம் நல்லந்தான் எண்டீங்கள்."

"கேட்ட உடனை வரேல்லை அம்மா."

"நான் எவ்வளவு காசைக் கொட்டினன் தெரியுமே? சரி, அதை விடுங்கோ. இதைக் கேளுங்கோ. ஒரு பிரெஞ்சு மனுசி எழுதினது." வாசித்துத் தமிழில் சொன்னாள். "இந்த அறையிலை ஆரோ இருந்திட்டு, இப்பத்தான் எழும்பி வெளியிலை போன மாதிரிக் கிடக்காம். திரும்பி வருவினம் போலக் கிடக்காம். தனக்கு எழும்பிப் போக மனமில்லையாம்."

வள்ளிநாயகி தலையணை உறை ஒன்றை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்துத் திரும்ப மடித்தாள்.

"மற்ற எட்டையும் இதே மாதிரிச் செய்து தாங்கோ. நீங்கள் சொல்லுற மாதிரித்தான் தச்சன் செய்யவேணும். சம்பளம் கூட்டித் தாறன்."

அவள் மனதில் வேண்டாம் என்று ஒரு சொல் நின்றது. ஏன் வேண்டாம் என்று கேட்டால் சொல்ல ஏலாத காரணம். "ஓம் அம்மா" என்றாள்.

அந்த மாரியிலும் அடுத்த மாரியிலுமாக ஒன்பது அறைகளும் ஒன்றாயின. அவள் சொன்ன இடத்தில் தச்சர் கொக்கி அடித்தார். அவள் சொன்ன உயரத்தில் திரைச்சீலை தொங்கியது. சல்லியிலிருந்துகூடப் புதுசாக அலுமாரி வாங்கியவர்கள், எங்கே வைக்கலாம் என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். மச்சாள் தெருவில் கண்டவர்களிடம் "எங்கட நாயகி" என்று சொன்னாளாம். சரீப் அதைக் கேட்டுவந்து சொல்லிச் சிரித்தார். "பாத்தியா, வாயத் தொறந்தா ஒலகமே கேக்குது."

ஆனால் ஆறாம் அறை அவளுக்கு இல்லாமல் போயிற்று. சீசனில் அது ஒரு நாளும் வெறுமையாகக் கிடப்பதில்லை. காலையில் சுத்தம் செய்யப் போகும்போது கதிரைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி, மேசையில் இரண்டு கோப்பையோடு கிடக்கும். இப்போது யாரும் எதையும் இழுத்துப் போடுவதில்லை. அவள் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மாரியில் விடுதி பூட்டிய பிறகு, பழைய நினைவில் ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு போய் இருந்தாள். ஏதோ சரிவராமல் இருந்தது. எழும்பி வெளியே வந்து கதவைப் பார்த்தாள். அது ஐந்தாம் இலக்கம். உள்ளே இருந்த நேரம் முழுக்க அது வேறு அறை என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆறாம் அறைக்குப் போகாமல், கோப்பையை எடுத்துக்கொண்டு துணி அறைக்கே வந்துவிட்டாள்.

வீரசிங்கம் எழுபத்தெட்டில் கொழும்பில் இறந்துபோனார். செய்தி வந்தபோது செத்தவீடு முடிந்து மூன்று நாளாகியிருந்தது. அவரோடு அவள் ஒழுங்காகக் கதைத்தது அந்த ஒரு காலைதான். ஆனாலும் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அடுத்த இரண்டு வருடத்தில் சரீப்புக்குக் கண் மங்கி, வேலையை விட்டுக் கிண்ணியாவோடு நின்றுகொண்டார். எண்பத்தொன்றில் தேவரஞ்சினி குடும்பத்தோடு கனடாவுக்குப் போக முடிவெடுத்து விடுதியை விற்றாள். வாங்கியவர்கள் இடித்துவிட்டு மாடிக் கட்டடம் எழுப்பப் போவதாகச் சொன்னார்கள். தேவரஞ்சினி வள்ளிநாயகியைக் கட்டிப்பிடித்து அழுதாள். கை நிறையக் கொடுத்துவிட்டுத்தான் போனாள், குறை சொல்ல ஏலாது.

தகப்பன் வழியில் அவளுக்குச் சல்லியில் ஒரு துண்டு நிலம் கிடந்தது. அதில் வீடு கட்ட, சரீப் கிண்ணியாவிலிருந்து ஹிஸ்புல்லா என்ற மேசனை அனுப்பினார். கயிறும் முளையுமாக வந்த அவன், யன்னல் எங்கே, கதவு எங்கே என்று கேட்கத் தொடங்கினான். அவள் தயங்காமல் சொல்லிக்கொண்டே போனாள். காற்று, வெயில், மழைச்சாரல் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தாள். அவன் ஆச்சரியப்பட்டு, "நீங்க எங்களுக்கு மேல போல இரிக்கி" என்றான். பிறகு, "எத்தின பேரு இரிக்கப் போறீங்க?" என்று கேட்டான்.

அதற்கு மட்டும் அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒராள்தான் தம்பி. நான்தான்" என்றாள்.

வைகாசியில் பால் காய்ச்சினாள். அண்ணனும் மச்சாளும் கலியாணம் முடித்த பிள்ளைகளோடு வந்தார்கள். சரீப், பேரனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு, பாதை ஏறி பஸ் ஏறி வந்திருந்தார். அவரோடு பல்கீஸும் வந்திருந்தாள். இத்தனை வருடப் பலகாரத்துக்குப் பிறகு இருவரும் முதல்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். என்ன கதைப்பது என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை.

வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்து ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னார்கள். குசினி ஒடுக்கம் என்றாள் மச்சாள். வாசற்படி ஒன்று கூட வைத்திருக்கலாம் என்றார் அண்ணன். யன்னல் இவ்வளவு பெரிசென்றால் உப்புக்காற்றில் பூட்டு துருப்பிடித்துவிடும் என்றான் அண்ணனின் மூத்த மருமகன். சரீப் சுவரைக் கையால் தடவிப் பார்த்து, "பூச்சுக் கொஞ்சம் சொரசொரப்பா இரிக்கே, அந்த ஹிஸ்புல்லாவக் கண்டாக் கேக்கணும்" என்றார். வள்ளிநாயகி எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு, "ஓம் ஓம், இருக்கும்" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். ஒன்றுக்கும் மறுத்துச் சொல்லவில்லை.

நாலரை பஸ்ஸுக்குச் சரீப் குடும்பம் புறப்பட்டது. அண்ணன் வீட்டாரும் அதோடு எழும்பினார்கள். படலைவரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். வீட்டுக்குள் மச்சாள் பூசியிருந்த சந்தன மணம் இன்னும் நின்றது. மேல்கூரையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஒரு பக்கம் சற்றுப் பதிவாகத்தான் இருக்கிறது. அதை யாராவது கண்டு சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பார்கள்.